கால் கிலோ கற்றவள்

கோணங்குடியில் ஏகாம்பரம், சடகோபன், அருளப்பன் என்று மூன்று ஆய்வு உதவியாளர்கள் இருந்தார்கள். மூவரும் சொன்னதை அப்படியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

பேராசிரியர் பத்மாசனி அவர்களை ஒரு பள்ளிக்கு அனுப்பினார். "களிமண் பொம்மை செய்வதில் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். நீங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியக்கூடாது. சாயங்காலம் உருப்படியான அறிக்கை இல்லையென்றால் வேலை போய்விடும்."

அடுத்த வாரம் சடகோபனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'ஆய்வு உதவியாளர்' என்று அச்சடித்தாயிற்று.

அரிசி மண்டியில் எடை மெஷினை இரவல் வாங்கி, பிள்ளைகள் அத்தனை பேரையும் எடை போட்டார்கள்.

"சரி, நாம இருக்கிறது தெரியாம எப்படி இருக்கிறது?" என்றான் அருளப்பன்.

"களிமண்ணைப் பூசிக்கிட்டு நிப்போம். பொம்மைன்னு நெனச்சுக்குவாங்க" என்றான் ஏகாம்பரம்.

நின்றார்கள். பிள்ளைகளும் பார்த்துச் செய்ய மாதிரி கிடைத்ததென்று மூன்று பொம்மைகள் செய்தார்கள். நடுவில் அருளப்பன் தும்மினான். "மூக்கு சரியா காயல" என்று ஒரு சிறுமி வந்து, இன்னும் கொஞ்சம் மண்ணை அப்பிவிட்டுப் போனாள்.

வகுப்பு முடிந்ததும் மறுபடி எடை. சாயங்காலம் பத்மாசனி வந்து அறிக்கையைப் படித்தார்.

"யாழினி கால் கிலோ கற்றுக்கொண்டாள். பாவாடைப் பையில் களிமண் இருந்தது, அது வேறு விஷயம். கதிரவன் கழிப்பறைக்குப் போய்வந்ததில் நூறு கிராம் மறந்துவிட்டான்."

பத்மாசனி தலையில் அடித்துக்கொண்டார். "உங்களைவிட இந்த மூணு பொம்மையும் மேல்! உங்கள் வேலையை இதுகளுக்கே கொடுத்துவிட்டேன், போங்கள்!" என்று கிளம்பிவிட்டார்.

சடகோபன் அழுதேவிட்டான். பாவம், வேறு என்ன செய்வான்? பொம்மைகள் முன் கைகட்டி நின்றான்.

"சார், பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு. நீங்கதான் மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

பொம்மைகள் அசையவில்லை.

"உஷ்!" என்று ஏகாம்பரம் அவன் வாயைப் பொத்தினான். "பேசாதே. அவங்க டியூட்டியில இருக்காங்க. நம்மளைத்தான் ஆராய்ச்சி பண்றாங்க."

அருளப்பனுக்கு மெய்சிலிர்த்தது. "இருக்கிறதே தெரியாம எப்படி நிக்கிறாங்க பாரு!"

மூவரும் ஓசைப்படாமல் ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏறி இறங்கினார்கள்.