யாரும் பதிவு செய்யாத கச்சேரி

கஸ்பார் தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். கப்பலை இழுப்பது அந்த வேலையில் பாதிதான். மீதிப் பாதி, கப்பல் எப்போது வரும் என்று கடலில் காத்துக் கிடப்பது. அப்படிக் காத்துக் கிடந்த நேரமெல்லாம் கஸ்பார் மனசுக்குள் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார்.

எல்லாமே கான்செர்டினா கச்சேரி. இரண்டு கைக்குள் அடங்கும் ஆறுபட்டைப் பெட்டி அது. நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். இழுத்தால் ஒரு சுரம், அழுத்தினால் வேறு சுரம். வாலிப வயதில், துறைக்குள் வந்துகொண்டிருந்த ஒரு கப்பலின் மேல்தளத்தில் எவனோ ஒரு மாலுமி அதை வாசித்தான். அவன் முகம்கூடத் தெரியவில்லை. அந்தச் சத்தம் மட்டும் கஸ்பாரை விடவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, அதை வாசிக்கச் சொல்லித்தரும் எப்சிபா டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார். கடற்கரைச் சாலையில் கயிற்றுக் கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் வகுப்பு. டீச்சருக்கு வயது அவருடைய மகளைவிடக் குறைவு. ஆனாலும் கஸ்பார் கீழ்ப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்.

அவர் சொல்லும் கச்சேரிகளைக் கேட்க வகுப்பில் எல்லோருக்கும் ஆசை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஒரு மாலுமியும் ஒரு நாகசுரக்காரரும் மாறி மாறி வாசித்த இசைத்தட்டு என்று ஆரம்பிப்பார். அப்படி ஒரு இசைத்தட்டு உலகத்தில் கிடையாது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல அதன் உறையின் நிறம்கூடக் கண்ணுக்குத் தெரியும். டீச்சரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

வாசிப்பு மட்டும் நகரவில்லை. நடுவில் ஒரு பிசிறு தட்டினால் போதும், கஸ்பார் நிறுத்திவிடுவார்.

"அவன் வாசிச்சா இப்படி வராது டீச்சர்" என்பார்.

அவன் என்றால், அவர் மனசுக்குள் நடக்கும் கனவுக் கச்சேரியில் வாசிக்கிற மாலுமி.

ஒருநாள் கஸ்பார் வகுப்புக்கு முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியின் உறையைக்கூடத் திறக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி இருக்கிய?"

"ரொசாலிக்கு இடது காது போயி ரொம்ப நாளாச்சுல்லா டீச்சர். இப்ப வலது காதும் போகுதாம். நேத்து டாக்டர் சொல்லிட்டாரு. கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் அடைச்சுப் போகுமாம்."

ரொசாலி அவருடைய மனைவி. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள்.

"அக்கா என்ன சொல்லுதாக?"

"அவ என்ன சொல்லுவா. ஆஸ்பத்திரி வாசல்லயே வச்சு, 'நீங்க படிக்கிறதா சொல்லுத அந்தப் பெட்டிய ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க, காது இருக்கும்போதே கேட்டுக்கிடுதேன்'னு சொல்லிச் சிரிக்கா."

"வாசிச்சியளா?"

"எப்படி டீச்சர் வாசிப்பேன்? கடைசியா அவ காதுல விழுதது என்னோட தப்பும் தடுமாற்றமுமாவா இருக்கணும்?" கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க எங்க வீட்டுக்கு வந்து வாசிக்கணும். உலகத்துலயே நல்லது எதுவோ அதை அவ கேக்கணும். எதை வாசிக்கலாம், நீங்களே சொல்லுங்க."

டீச்சர் யோசித்தார்.

"உங்க கனவுல வாசிக்காரே அவரு, அவரோட வாசிப்புல ஆக நல்லது எது?"

கஸ்பார் யோசிக்கவே இல்லை. "கப்பல்ல இருந்து இறங்கி, பழைய துறைமுக வாசல்ல நின்னு ஒண்ணு வாசிப்பான். சனம் அப்படியே நிக்கும். மீன்கூடையைத் தலையில வச்சபடியே நிப்பாக. லாரிக்காரன் வண்டிய அணைச்சிருவான்."

"பாடிக் காட்டுங்க."

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். வருஷக்கணக்காக உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெட்டு, தங்கு தடையில்லாமல் வந்தது. டீச்சர் பெட்டியை எடுத்தார். ஒருமுறைதான் கேட்டார், முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை பிசகாமல் வாசித்தார்.

கஸ்பார் தயங்கினார். "சுரம் எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா நடுவுல ஒரு இடத்துல அவன் கொஞ்சம் நிப்பான்."

டீச்சர் அந்த இடத்தில் நிறுத்தி வாசித்தார்.

"நிக்கிறதுன்னா நிக்கிறது இல்ல. கப்பலுக்கும் படகுக்கும் நடுவுல வடக்கயிறு தொய்வு நீங்கி விறைக்கும் பாருங்க. அறுந்துருமோன்னு நெஞ்சு பிடிச்சுக்கிடும். பிறவு பாரம் மெல்ல நகரும். அப்படி."

டீச்சர் மறுபடி வாசித்தார். கஸ்பார் தலையை ஆட்டினார். அது இல்லை. வேறு விதமாக வாசித்தார். அதுவும் இல்லை.

"எனக்கு வரல அண்ணாச்சி. காட்டுங்க."

டீச்சருக்கு வரவில்லை என்பதை நம்ப முடியாமல் கஸ்பார் தன் பெட்டியை எடுத்தார். விரல் இரண்டு மூன்று இடங்களில் தப்பாக விழுந்தது. துருத்தியில் காற்று போதாமல் ஒரு சுரம் பாதியில் செத்தது. ஆனால் அந்த இடம் வந்ததும் அவர் தோள் தானாக இறுகியது. கை மெல்ல விரிந்தது. பாரம் நகர்ந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் மற்ற மாணவர்கள் வந்து வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

"இது யாரு மெட்டு?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரியாதே. நீங்க எங்கயாவது கேட்டிருப்பிய."

"நான் கேட்டதே இல்ல." டீச்சர் பெட்டியை மூடினார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாரேன்னு அக்காகிட்டச் சொல்லுங்க."

டீச்சரே வந்து வாசிக்கப்போகிறார் என்று கஸ்பாருக்கு நிம்மதியாக இருந்தது.

சொன்னபடி எப்சிபா டீச்சர் வந்தார். ரொசாலி காலையில் மாதா கோவில் பூசைக்குக் கட்டியிருந்த புடவையை மாற்றாமலே காத்திருந்தாள். தெருச் சத்தம் வராதபடி ஜன்னலைச் சாத்தியிருந்தாள். டீச்சருக்காகக் கஸ்பார் நாற்காலியைத் துடைத்து நடுவில் போட்டார்.

டீச்சர் அதில் உட்காரவில்லை. தன் பெட்டியை மேசைமேல் வைத்தார். ரொசாலியின் அருகில் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"ஆரம்பிங்க அண்ணாச்சி."

கஸ்பாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க வாசிக்கதா சொன்னிய!"

"வாரேன்னுதானே சொன்னேன்."

ரொசாலி நல்ல காதை நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். "எம்புட்டு நேரம்தான் பெட்டியப் பாத்துக்கிட்டே இருப்பிய? உரக்க வாசிங்க. மெதுவா வாசிச்சா எனக்குக் கேக்காது, பாத்துக்கிடுங்க."

தப்பிக்க வழியில்லை. கஸ்பார் உட்கார்ந்தார். பெட்டியின் இரு பக்கத் தோல்வாருக்குள்ளும் கையை நுழைத்தார். விரல்கள் வியர்த்து வழுக்கின.

முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாவது வரியில் விரல் தடுக்கி விழுந்தது. கஸ்பார் வழக்கம்போல நிறுத்திவிட்டார். பெட்டி மடியில் இறங்கியது.

"பிறவு?" என்றாள் ரொசாலி.

"தப்பாப் போச்சு."

"அது எனக்கு எப்படித் தெரியும்? பிறவு என்ன, அதைச் சொல்லுங்க."

கதையைப் பாதியில் விட்டவரிடம் கேட்பது போலக் கேட்டாள். கஸ்பார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விட்ட இடத்திலிருந்து எடுத்தார். உரக்க வாசித்தார். பிசிறு தட்டியது, போகட்டும் என்று மேலே போனார். அந்த இடம் வந்தது. தோள் இறுகியது. ரொசாலி மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் சாய்வதை அவர் கண்டார். கை விரிந்தது. அவளும் மூச்சை விட்டாள். அதற்குப் பிறகு கஸ்பார் விரல்களைப் பற்றி நினைக்கவில்லை. ஒரு மெட்டைக் கடைசிவரை அவர் வாசித்தது அதுதான் முதல்முறை.

ரொசாலி எட்டி அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நடுவுல என்னமோ இழுத்துச்சே," என்றாள் பிறகு. "நாளைக்கும் வாசிங்க. நாளைக்கழிச்சும் வாசிங்க. காது கேக்குமட்டும் கேக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சருக்குக் காப்பி போட எழுந்து போனாள். அடுப்படியில் அந்த மெட்டைத் தப்பும் தவறுமாக முனகுவது கேட்டது.

டீச்சரை பஸ் ஏற்றிவிடக் கஸ்பார் கூடவே நடந்தார். அவர் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. ஆனாலும் மனசில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் அதைக் கேட்டுவிட்டார்.

"அவளுக்குப் பிடிச்சிட்டு டீச்சர், அது சந்தோசம்தான். ஆனா அவன் வாசிச்சா எப்படி இருக்கும்னு எனக்குல்லா தெரியும். அந்தத் துறைமுக வாசல் கச்சேரிக்கு முன்னால இன்னைக்கு நான் வாசிச்சது எம்மாத்திரம்? அதை அவ கேக்காமலே போறாளேன்னு இருக்கு."

"அங்க சனம் நெறைய நின்னுச்சா அண்ணாச்சி?"

"சொன்னேனே, தெரு கொள்ளாது."

"ரொசாலியக்கா எந்தப் பக்கம் நின்னாக?"

கஸ்பார் கண்ணை மூடினார். மீன்கூடைக்காரிகளைத் தாண்டிப் பார்த்தார். லாரிகளுக்குப் பின்னால் பார்த்தார். முகம் முகமாகத் தேடினார். ரொசாலியைக் காணோம்.

பஸ் வந்தது. டீச்சர் ஏறிக்கொண்டார். கஸ்பார் வீட்டுப் பக்கம் எட்டி நடந்தார்.