உமையாள் தைத்த ஐந்து கால் யானை

ஆயிரம் மழைக்காலத்துக்கு முந்தி, பறவைகளும் மனிதர்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த காலத்தில், தாழைநாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரண்மனைக் களஞ்சியத்தில் நெல்மூட்டை தைக்கிற வேலை பார்த்தாள் உமையாள். மூட்டை தைத்துத் தைத்து அவள் கைக்கு வேறு தையலே வராமல் போயிற்று. எதைத் தைத்தாலும் கோணல் மாணலாக, மொத்தை மொத்தையாக ஓடும். ஆனால் காளை கட்டி இழுத்தாலும் பிரியாது.

அவள் அண்ணன் மாசாணம் அரண்மனை முரசு அறைகிறவன். ராஜா சொல்வதைத் தெருத் தெருவாகப் போய்ச் சொல்வது அவன் வேலை. அண்ணன், மதினி செல்லாயி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், உமையாள் எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

மூத்தவள் தேனுவுக்கு ஆறு வயது. எதைப் பார்த்தாலும் ஏன் என்பாள். நடுவுள்ளவன் வேலப்பனுக்கு நாலு வயது. கூழாங்கல், புளியங்கொட்டை, உடைந்த வளையல் என்று கண்டதையெல்லாம் பொறுக்கி ஒளித்துவைப்பான். கடைக்குட்டி மயிலுவுக்குப் பல்லே முளைக்கவில்லை, ஆனால் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கடிப்பாள். வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் அத்தைக்காரி ஒரு கயிற்றை எடுத்துப் பிள்ளைகளைத் தலையிலிருந்து கால்வரை அளந்து முடிச்சுப் போடுவாள். அப்புறம் ஆளுக்கொரு சட்டையோ பொம்மையோ தைத்துக் கொடுப்பாள். ஊரில் இதைவிட அழகான பொம்மைகள் உண்டு. ஆனால் அந்த மூன்றும் அத்தையின் பொம்மையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும்.

ராஜா இளவழுதிக்கு மின்னி என்று ஒரே மகள். தாயில்லாத பிள்ளை. விடிந்தால் அழுவாள், பொழுது சாய்ந்தாலும் அழுவாள். அப்பா மடியில் உட்கார வேண்டும் என்பாள். ராஜாவுக்கோ மந்திராலோசனை, படை, கோட்டை என்று ஆயிரம் ஜோலி. அப்படியிருக்கையில் ஒருநாள், தோளில் பட்டு மூட்டையுடன் ஒரு மந்திரவாதி அரண்மனைக்கு வந்தான். பட்டுமாயன் என்று பேர். மூட்டையைப் பிரித்து, நிலா வெளிச்சத்தை உருக்கி வார்த்தது போல் ஒரு சட்டையை எடுத்து மின்னிக்கு மாட்டிவிட்டான். அழுகை அப்படியே நின்றது.

"சாப்பிடுறியாம்மா?" என்றார் ராஜா.

"சரி."

"தூங்குறியா?"

"சரி."

"அப்பா வேட்டைக்குப் போய்ட்டு வரட்டுமா?"

"சரி."

ராஜாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கே ஆணை பிறந்தது. நாட்டிலுள்ள குழந்தைகள் எல்லாரும் பட்டுமாயன் தரும் சட்டையைத்தான் போட வேண்டும். வீட்டில் யாரும் குழந்தைக்கென்று ஒரு தையல்கூடப் போடக்கூடாது. அந்த ஆணையைத் தெருத் தெருவாக அறைந்தவன் மாசாணம். முதல் மூன்று சட்டைகளை வாங்கிவந்து தன் பிள்ளைகளுக்கு மாட்டியவனும் அவன்தான்.

வீடு அமைதியானது. சண்டை இல்லை, அடம் இல்லை. செல்லாயி முதல் நாள் நிம்மதியாகத் தூங்கினாள். பத்தாம் நாள் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தேனு ஏன் என்று கேட்கவே இல்லை. வேலப்பன் எதையும் பொறுக்கவில்லை. மயிலு எதையும் கடிக்கவில்லை. விளையாடலாமா என்றால் சரி. விளையாட வேண்டாம் என்றால் அதற்கும் சரி.

ஒரு வருஷம் ஓடியது. அறுவடை முடிந்தது. உமையாள் வழக்கம் போலக் கயிற்றை எடுத்துப் பிள்ளைகளை அளந்தாள். தேனுவின் முடிச்சு போன வருஷத்து முடிச்சிலேயே நின்றது. வேலப்பனுக்கும் அப்படித்தான். மயிலுவின் வாயில் விரலைவிட்டுப் பார்த்தாள். ஈறு வெறும் ஈறாகவே இருந்தது. சட்டையைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. கத்தரியால் வெட்டப் போனாள், கத்தரி மழுங்கியது.

கயிற்றைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் போட்டாள். அவன் பார்த்தான். முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் ராஜா காரியத்தில் நாம் என்ன செய்ய முடியும் என்று முணுமுணுத்தபடி முரசைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

உமையாள் கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தாள். அங்கே ஒரு தையல்சிட்டு கிழிந்த இலைகளுக்கு நடுவில் தாவித் தாவித் திட்டிக்கொண்டிருந்தது. இலையைச் சேர்த்துத் தைத்துத்தானே அது கூடு கட்டும்? குஞ்சுக்காகத் தைப்பதும் குற்றம்தான் என்று காவலர்கள் அதன் கூட்டையும் பிய்த்துப் போட்டிருந்தார்கள்.

"அரண்மனை ஜன்னல்லதான் முதல்ல கட்டினேன்," என்றது சிட்டு. "அங்க நடக்கிறதை ரெண்டு கண்ணால பார்த்தேன். அந்தப் பட்டு பிள்ளைகளோட ஆசையை உறிஞ்சும். ஆசை போனா வளர்த்தி நின்னுபோகும். வளர வேண்டிய வயசெல்லாம் பட்டுமாயன்கிட்டப் போகுது. முந்நூறு வருஷமா அப்படித்தான் இருக்கான், தலையில ஒரு நரை கிடையாது."

கழற்ற வழி என்ன என்று உமையாள் கேட்டாள். போட்ட பிள்ளையே கழற்றினால்தான் உண்டு, ஆனால் அதற்குக் கழற்ற வேண்டும் என்று ஆசை வர வேண்டுமே, அதற்குமேல் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, சிட்டு மறுபடி இலை தைக்கப் போய்விட்டது.

உமையாள் எழுந்தாள். உள்ளே போய் ஊசியை எடுத்தாள்.

மூன்றாம் நாள் காவலர்கள் வந்தார்கள். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஊசியைப் பிடுங்கினார்கள். இனித் தைப்பாயா என்று அதட்டினார்கள்.

"தைப்பேன். எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தைப்பேன்."

கருவேல முள்ளை ஒடித்து, அடியில் துளை போட்டு, அதை ஊசியாக்கிக்கொண்டாள். மறுபடி வந்தார்கள். முள்ளைப் பற்றி ஆணையில் எதுவும் இல்லாததால் நூலை அள்ளிக்கொண்டு போனார்கள். இனித் தைப்பாயா?

"தைப்பேன். எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தைப்பேன்."

வாழை மட்டையைக் கிழித்து நார் எடுத்தாள். மூன்றாம் முறை வந்தவர்கள், வீட்டில் இருந்த துணி அத்தனையையும் அள்ளினார்கள். கட்டிய புடவைகளும் பிள்ளைகள் உடம்பிலிருந்த பட்டும்தான் மிச்சம். உமையாள் வெறும் தரையில் முள்ளும் நாருமாக உட்கார்ந்திருந்தாள். செல்லாயி அடுக்களைக்குள் போனாள். அரிசிப் பானைக்குள் கையைவிட்டு, ஒளித்துவைத்திருந்த தன் கல்யாணப் புடவையை உதறி எடுத்து வந்து நாத்தனார் மடியில் போட்டாள்.

"இதுல வெட்டு," என்றாள்.

மதினி கடைசியாக அதை உடுத்தியது மயிலுவின் பேர் வைப்புக்கு. உமையாள் ஒருதரம் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வெட்டினாள்.

மயிலுவுக்கு ஒரு மீன் தைத்தாள். ஈறுக்கு இதமாகக் கடிக்க, வாலில் பெரிய முடிச்சு. வேலப்பனுக்குப் பத்துப் பை வைத்த இடுப்புக்கச்சை. அதில் ஒரு பையை மட்டும் உள்ளே எதையோ போட்டு மூடித் தைத்தாள், குலுக்கினால் கலகலவென்றது. தேனுவுக்கு ஒரு யானை. நாலு கால் தைத்து முடித்தவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு இன்னொரு காலையும் வைத்துத் தைத்தாள்.

கடைசித் தையலை அவள் பல்லால் கடித்து முடிக்கும்போது காவலர்கள் நான்காம் முறையாக வந்தார்கள். இந்தத் தடவை அவளையே பிடித்துக்கொண்டு போனார்கள்.

சபை கூடியது. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மின்னி பட்டுச் சட்டையில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். மாசாணம் முரசோடு ஓரமாக நின்றான். உமையாள் கும்பிடவில்லை. முடிச்சுக் கயிற்றை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். ஒரு வருஷமாக எங்கள் பிள்ளைகள் ஒரு விரற்கடை வளரவில்லை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அளந்து பாருங்கள் என்றாள். சபையில் சலசலப்பு எழுந்தது. அங்கே பிள்ளையில்லாதவர் யார்? ராஜாவும் மகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

பட்டுமாயன் மட்டும் சிரித்தான். இவள் தைத்ததை இவள் வீட்டுப் பிள்ளைகள் முன்னாலேயே வைக்கலாம், யாராவது ஒருவர் வேண்டும் என்று சொன்னால் நான் ஊரைவிட்டே போகிறேன் என்றான். முதல் பிள்ளை வேண்டாமென்று விட்டால் இவள் இடது கை கல்லாகும். இரண்டாம் பிள்ளையும் விட்டால் வலது கை. மூன்றாவதும் விட்டால் இவளே முழுக்கக் கல். சம்மதமா?

சம்மதம் என்றாள் உமையாள்.

பிள்ளைகளைக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தார்கள். மயிலுவின் முன்னால் மீனை வைத்தார்கள். குழந்தை மீனைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. உமையாளின் இடது கை தோளோடு கனத்துத் தொங்கியது.

வேலப்பனின் முன்னால் கச்சையைக் குலுக்கினார்கள். கலகலவென்ற சத்தத்துக்கு அவன் விரல் ஒருதரம் அசைந்தது. இது வேண்டுமா என்று கேட்டார்கள். சரி என்றான். வேண்டாமா என்றார்கள். அதற்கும் சரி என்றான். வலது கையும் கல்லாயிற்று. செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இனி எதைக்கொண்டு தைப்பே?" என்றான் பட்டுமாயன்.

"பல்லு இருக்கு. தைப்பேன்."

தேனுவின் முன்னால் யானையை வைத்தார்கள். தேனு அதைப் பார்த்தாள். அவள் உதடு மெல்ல அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நெற்றி சுருங்கியது.

"அத்தை, இதுக்கு ஏன் அஞ்சு கால்?"

ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சொல் அது.

பட்டுமாயன் வேகமாக முன்னால் வந்தான். "உங்க அத்தைக்கு எண்ணத் தெரியாது பாப்பா. அசிங்கமான பொம்மை. கீழ போடு."

தேனு யானையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள்.

பட்டின் பிடி சட்டென்று விட்டது. தேனு ஒரு கையால் அதைத் தலைவழியாகக் கழற்றி எறிந்தாள். தரையில் விழுந்தது பட்டில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு நூலாம்படை. பட்டுமாயனின் தலையில் ஒரு பக்கம் நரைத்துவிட்டது. முரசை அறை, மற்ற பிள்ளைகள் காதில் அந்தச் சொல் விழக்கூடாது, ஓங்கி அறை என்று அவன் மாசாணத்தைப் பார்த்துக் கத்தினான்.

மாசாணம் ராஜாவைப் பார்த்தான். தன் மகளைப் பார்த்தான். கல்லாய்த் தொங்கிய தங்கையின் கைகளைப் பார்த்தான். பிறகு முரசுக்கோலைத் தரையில் வைத்தான்.

"மாட்டேன். இதுவரைக்கும் அறைஞ்சது போதும்."

அந்த அமைதியில் தேனு தம்பியின் காதுக்கருகே குனிந்து அதே சொல்லைச் சொன்னாள். அடுத்த நொடி வேலப்பன், அந்தப் பையைப் பிரிச்சுக் குடு என்று காலை உதைத்தான். மயிலு வீறிட்டு அழுதபடி மீனின் வாலைக் கவ்வினாள். இருவரும் உதைத்த உதையில் அவர்கள் பட்டும் நழுவி விழுந்தது. சிம்மாசனத்துக்குப் பக்கத்திலிருந்து மின்னி எழுந்து நின்றாள்.

"எனக்கும் வேணும்," என்று தன் சட்டையைத் தானே உரித்துப் போட்டாள்.

பட்டுமாயன் மீது முந்நூறு வருஷமும் மொத்தமாக இறங்கியது. தோல் சுருங்கியது, முதுகு வளைந்தது, பல் உதிர்ந்தது. ஒரு கைப்பிடி நூல் குப்பையாகச் சரிந்து கிடந்தவனைக் காற்று வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போயிற்று. உமையாளின் விரல்கள் ஒவ்வொன்றாகச் சூடு பிடித்தன. முதல் வேலையாக அவள் மயிலுவைத் தூக்கினாள். மயிலு அவள் விரலைக் கடித்தாள். நன்றாகவே வலித்தது. பல் முளைத்திருந்தது.

மாசாணம் அன்று மாலைக்குள் எல்லாத் தெருவுக்கும் போனான். முரசை எடுத்துப் போகவில்லை. வீட்டு வாசலில் நின்று, தேனுவை முன்னால் விட்டான். அவள் சொன்ன ஒரே சொல் வீட்டுக்கு வீடு பிடித்துக்கொண்டது. சாப்பிட மாட்டேன், குளிக்க மாட்டேன், தூங்க மாட்டேன் என்று ஊரே அலறியது. பெற்றவர்கள் யாரும் அதட்டவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராஜா பழைய ஆணையைக் கிழித்துப் போட்டார். செல்லாயிக்கு வெட்டக் கொடுத்ததைவிட நல்ல புடவை பத்து வந்தது. அதற்குப் பிறகு முருங்கை மரத்துச் சிட்டின் பக்கம் காவலர்கள் போகவே இல்லை. உமையாளை அரண்மனைத் தையல் தலைவியாக இருக்கச் சொன்னார் ராஜா. அவள் சிரித்துக்கொண்டே வேண்டாமென்று சொல்லிவிட்டாள், இன்னும் களஞ்சியத்து மூட்டைகள் கிடக்கின்றன, வீட்டில் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றாள். சரி, என் மகளுக்கு ஒரு யானையாவது தைத்துக் கொடு என்றார் ராஜா.

மின்னி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை தைத்தது தேனுவுக்கு என்றாள்.

"எனக்கு நீங்கதான் தைக்கணும்பா."

ராஜா மந்திராலோசனையை ஒத்திவைத்தார். மூன்று நாள் உட்கார்ந்தார். வாள் பிடித்த கையில் ஊசி நிற்கவில்லை, விரலெல்லாம் குத்திக்கொண்டார். மடியில் உட்கார்ந்திருந்த மின்னி இன்னொரு காது வை, வால் இங்கே இல்லை அங்கே என்று பிரித்துப் பிரித்துத் தைக்க வைத்தாள். கடைசியில் வந்தது யானையுமில்லை, பன்றியுமில்லை. மின்னி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரண்மனை முழுக்கச் சுற்றினாள். இது என்ன மிருகம் என்று கேட்டவர்களிடமெல்லாம், எங்கப்பா தைச்சது என்று சொன்னாள். எனக்குச் சொன்னவர்கள் சொன்னார்கள், நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.