வலை கிழித்த மீன்

எந்தப் புண்ணியவான் கண்ணாடித் தொட்டியிலிருந்து கொட்டினானோ, டேங்க் கிளீனர் மீன் ஏரி முழுக்கப் பெருகி, முள்ளால் எல்லார் வலையையும் கிழித்தது. மீனவர்கள் கரையில் வீசியதை அஞ்சுகம் பொறுக்கி, அவித்து, அரைத்து, காயவைத்து நாய் பிஸ்கட்டாக டவுனில் விற்றாள். அவள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது.

ஏரிக் குத்தகைக்காரர் தணிகாசலத்துக்கு அது பொறுக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்தார்.

“ஏரியில நீந்துறது எல்லாம் என் மீனு. இனி ஒண்ணையும் தொடக் கூடாது.”

அஞ்சுகம் கைகட்டி நின்றாள். “சரிங்கய்யா, உங்க மீனுதான். ஆடு அடுத்தவன் பயிரை மேஞ்சா ஆட்டுக்காரர்தானே பதில் சொல்லணும்?”

மீனவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய், கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டார்கள். குவியல் இடுப்புயரம் வந்தது.

“அந்த மீனு என்னுது இல்ல,” என்று முனகினார் தணிகாசலம்.

“பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலைங்கய்யா,” என்றாள் அஞ்சுகம்.