ங்கா என்றால் என்ன?

“பிள்ளை பேசறது புரியணும்னா, முதல...”

கிழட்டு ஆமை சொன்னதில் செம்பானுக்கு இவ்வளவுதான் நினைவிருந்தது.

செம்பான் ஒரு நீர்நாய். அதற்குக் குட்டி பிறந்தபோது ஆற்றங்கரையில் விருந்து வைத்தார்கள். ஆமை ஒரு கல்லின்மேல் ஏறி நின்று வாழ்த்திப் பேசியது. செம்பானோ கெளுத்தி மீனின் தலையைக் கடித்துக்கொண்டிருந்தது. ‘முதல’ வரைக்கும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ‘நொறுக்’ என்ற சத்தம்தான். எல்லா விலங்குகளும் தலையாட்டின. செம்பானும் ஆட்டிவைத்தது.

அன்றைக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிந்தது.

ஏனென்றால் இன்றைக்கு ஆரல் வீட்டில் இல்லை. ஆரல் செம்பானின் மனைவி. கோடையில் தண்ணீர் இறங்கி மீன் குறைந்துவிட்டது. அதனால் மேலாற்றுப் பக்கம் மீன் தேடிக் கிளம்பிவிட்டது.

“வயிறு நிறையப் பால் குடுத்துட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். பையனைப் பாத்துக்குவீங்கல்ல?”

“என்ன ஆரல், இப்படிக் கேட்டுட்டே! வழுக்குற விலாங்கையே ஒரு கையால பிடிக்கிறவன் நான்!”

“விலாங்கு அழாதுங்க,” என்றது ஆரல். சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கிப் போனது.

கொஞ்ச நேரம்தான் போயிருக்கும்.

“ங்கா!” என்றது குட்டி.

“என்னடா ராசா?”

“ங்கா!”

“அது காதுல விழுந்துடுச்சு. மேல சொல்லு.”

“ங்ங்ங்கா!”

வளைக்குள் இருட்டாக இருப்பதால் பயப்படுகிறதோ என்று செம்பான் குட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதது.

மருதமரத்துக் கிளையில் குரங்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணே, இதுகூடவா புரியலை? மாங்காங்கறான்! முதல் பாதியை முழுங்கிட்டான், அவ்வளவுதான்!”

“மாங்காயா? பல்லே முளைக்கலையேடா!”

“ஆசைக்குப் பல்லு எதுக்கு அண்ணே?”

குரங்கு ஒரே தாவலில் போய் மாங்காய் பறித்து வந்தது. குட்டியின் வாயருகே நீட்டியது. குட்டி முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டது. குரங்கு இடப்பக்கம் போனது. குட்டி வலப்பக்கம் திருப்பிக்கொண்டது.

“வெட்கப்படறான்!” என்றது குரங்கு. மாங்காயை நறுக்கென்று தானே கடித்தது. “எச்சில் பண்ணாம எனக்கே விட்டுக்குடுத்துட்டான். தங்கமான பிள்ளை!”

அழுகை நிற்கவில்லை. சத்தம் கேட்டு ஒரு காகம் வந்து இறங்கியது.

“மாங்காயும் இல்லை, தேங்காயும் இல்லை! நல்லாக் கேளுங்க! ‘கா’ன்னு என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுது. இந்தக் காட்டுல ஒரு குழந்தைக்காவது என்மேல பாசம் இருக்கே! வந்துட்டேன் கண்ணு! கா! கா! கா!”

காகம் குட்டியின் காதருகே நின்று பாடியது. குட்டி கண்களை இறுக மூடிக்கொண்டது. பின்னங்கால்களால் உதைத்தது.

“பாத்தீங்களா! என் பாட்டுக்குத் தாளம் போடறான்!”

“அது தாளமா, காக்கா?” என்று இழுத்தது செம்பான்.

“உங்களுக்கு சங்கீதம் தெரியாதுன்னா சும்மா இருங்க!”

அப்போது ஒரு கிளி வந்தது. அந்தக் கிளி பட்டணத்தில் ஒரு வீட்டுக் கூண்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியது. அந்த வீட்டில் இரண்டு பாஷை பேசுவார்களாம். அதனால் கிளியும் எதையும் இரண்டு தடவை சொல்லும்.

“குட் மார்னிங்! காலை வணக்கம்! உங்க எல்லாருக்கும் இலக்கணம் தெரியாததுதான் பிரச்சனை. பிரித்துப் பாக்கணும். ‘ங்’ மெய்யெழுத்து, அதைத் தள்ளிவை. மிச்சம் என்ன? ‘கா’. கா என்றால் சோலை. பிள்ளை சோலைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுது. வெரி சிம்பிள்! ரொம்ப சுலபம்!”

“பட்டணத்துப் பிள்ளைங்களும் இப்படித்தான் அழுமா?” என்று செம்பான் மரியாதையோடு கேட்டது.

“அழும். ஆனா அது அழ ஆரம்பிச்சதும் என் கூண்டுமேல துணியைப் போட்டு மூடிடுவாங்க. அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு நான் பார்த்ததில்லை.”

செம்பான் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மரங்களைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பின்னாலேயே குரங்கு குதித்தது. மேலே காகம் பாடியது. கிளி ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு பெயர் சொல்லிக்கொண்டே வந்தது. குட்டி காதைத் தேய்த்தது. முதுகை வில்லாக வளைத்தது. தொண்டை கட்டும் அளவுக்கு அழுதது.

செம்பானுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. ஆற்றோரம் வந்து பொத்தென்று உட்கார்ந்தது.

“எனக்கு ஒண்ணும் புரியலைங்கப்பா. அன்னிக்கு ஆமைத் தாத்தா வழி சொன்னார். நான்தான் மீன் தலையோட சேத்து முழுங்கிட்டேன். ‘பிள்ளை பேசறது புரியணும்னா, முதல...’ அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. முதல என்ன?”

“முதல்ல மாங்கா குடு!” என்றது குரங்கு.

“முதல்ல காக்காவைக் கூப்பிடு!” என்றது காகம்.

“முதல் எழுத்தைத் தள்ளு!” என்றது கிளி.

“முதலையைக் கேளு,” என்றது இன்னொரு குரல்.

எல்லாம் திரும்பிப் பார்த்தன. தண்ணீருக்குமேல் இரண்டு கண்கள் தெரிந்தன. பிறகு நீளமான மூக்கு. பிறகு ஒரு பெரிய சிரிப்பு.

“ஆமை வேற என்ன சொல்லியிருக்கும்? ‘பிள்ளை பேசறது புரியணும்னா, முதலையைக் கேளு.’ சரியாத்தானே வருது?”

சரியாகத்தான் வந்தது. கிளிகூட மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துத் தலையாட்டியது.

இதில் ஒரு நியாயமும் இருந்தது. இந்தக் கோடையில்தான் முதலை முட்டைகள் பொரிந்திருந்தன. முதலை தன் குஞ்சுகளை வாயிலேயே ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டு போனதைக் கரையில் நின்று எல்லா விலங்குகளும் பார்த்திருந்தன. ஒரு குஞ்சுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ‘தாய்னா இப்படி இருக்கணும்!’ என்று குரங்கு அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

முதலை மெல்லக் கரையை நெருங்கியது.

“எத்தனை பிள்ளையை வளத்தவ நான்! இவன் என்ன சொல்றான்னு எனக்குத் தெரியாதா? ‘ங்கா’ன்னா ‘இங்க வா’! என்னைத்தான் கூப்பிடறான். குடு தம்பி, பெரியம்மா கொஞ்ச நேரம் வாயில வச்சுத் தாலாட்டறேன்.”

அந்தக் கணத்தில் குட்டியின் அழுகை நின்றது.

சட்டென்று நின்றது. ஒரு விசும்பல்கூட இல்லை. ஆற்றங்கரையே அமைதியானது.

“அடேயப்பா! பெரியம்மா குரலைக் கேட்டதும் அடங்கிட்டான்!” என்றது குரங்கு.

“என் பாட்டுக்கு அடங்கலையே!” என்றது காகம், கொஞ்சம் வருத்தத்தோடு.

“சூப்பர்! பிரமாதம்!” என்றது கிளி.

செம்பானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காதுக்கு எவ்வளவு சுகம்! “பெரியம்மா, நீங்க நல்லா இருக்கணும்,” என்று சொல்லி, குட்டியைத் தூக்கி இரண்டு கைகளையும் முன்னே நீட்டப் போனது.

“உள்ள மெத்துமெத்துன்னு இருக்கும்,” என்று முதலை வாயைத் திறந்தது.

கை நீளவில்லை. நெஞ்சில் சுரீரென்று வலித்தது.

செம்பான் குனிந்து பார்த்தது. காலையிலிருந்து அது குரங்கைப் பார்த்தது, காகத்தைப் பார்த்தது, கிளியைப் பார்த்தது. குட்டியிடம் அது பார்த்ததெல்லாம் வாயை மட்டும்தான். இப்போதுதான் முழுக் குட்டியையும் பார்த்தது.

குட்டியின் விரல்கள் செம்பானின் நெஞ்சு முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தன. வால் குச்சிபோல விறைத்திருந்தது. மீசை கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது. கண்கள் முதலையை விட்டு அசையவில்லை, இமைக்கவும் இல்லை. முதுகைத் தாங்கிய உள்ளங்கையில் அந்தச் சின்ன இதயம் படபடவென்று அடித்தது.

செம்பானுக்கு இது தெரிந்த சங்கதிதான். தண்ணீருக்கடியில் இருக்கும்போது தலைக்குமேல் முதலையின் நிழல் போனால் அதுவும் இப்படித்தான் கிடக்கும். வால் விறைத்துவிடும். மூச்சே வராது. அந்த நேரத்தில் செம்பானைப் பார்க்கிற எவனும் ‘அடடா, என்ன அமைதி!’ என்றுதான் சொல்லுவான்.

மாங்காய்க்கு முகத்தைத் திருப்பியது, பாட்டுக்குக் காலை உதைத்தது, சோலையில் முதுகை வளைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பையன் விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

செம்பான் கைகளை மடக்கிக் குட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது.

“மன்னிக்கணும் பெரியம்மா. பையன் வேண்டாம்கறான்.”

“அவன் வாயே திறக்கலையே, தம்பி!”

“ஆமா, அதான்,” என்றது செம்பான். சொல்லிக்கொண்டே பின்பக்கமாகத் துள்ளியது.

சடாரென்று முதலையின் வாய் மூடியது. செம்பான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்த மருதமர வேர் இரண்டாகப் பிளந்தது. குரங்கு கையிலிருந்த மாங்கொட்டையைப் போட்டுவிட்டு உச்சிக் கிளைக்கு ஓடியது. காகம் தன் பேரையே மறந்து பறந்தது. கிளிக்கு ஒரு பாஷையும் வரவில்லை.

முதலை வாயிலிருந்த மரச் சிராய்களைத் துப்பியது.

“ஆசையாத்தான் கேட்டேன்,” என்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல முங்கிவிட்டது.

வளைக்குள் இருட்டாகவும் குளுமையாகவும் இருந்தது. செம்பான் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தது. குட்டிக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தது.

“பயந்துட்டியாடா ராசா? அப்பா இருக்கும்போது...”

குட்டி முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது.

செம்பான் வாயை மூடிக்கொண்டது.

நெஞ்சு முடியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வால் துவண்டது. குட்டி கையால் கண்ணைத் தேய்த்தது. தன் உடம்பைவிடப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. “ங்கா...” என்று இழுத்தது. அப்படியே தூங்கிப் போனது.

“அட, தூக்கம்தானா!” என்று சொல்ல வாய் வந்தது. செம்பான் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஆரல் ஒரு பெரிய விராலோடு வந்துவிட்டது. கரையில் பிளந்து கிடந்த வேரைப் பார்த்ததும் மீனைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தது. குட்டியை மோந்து பார்த்தது. கால், கை, வால், காது எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பிறகுதான் கேட்டது.

“என்னங்க ஆச்சு?”

செம்பான் மெல்லிய குரலில் ஒன்றுவிடாமல் சொன்னது, தான் கையை நீட்டப் போனது உட்பட. ஆரல் குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

“கடைசியில பையன் என்னதான் சொன்னானாம்?”

“மூஞ்சியைத் திருப்பி, ‘போதும்’னான். காலால உதைச்சு, ‘கிட்ட வராதே’ன்னான். காதைத் தேச்சு, ‘தூக்கம் வருது’ன்னான். என்னைப் பிடிச்சுக்கிட்டு, ‘விட்டுடாதே’ன்னான்.”

“அப்போ ‘ங்கா’ன்னா?”

“அது மட்டும் இன்னும் புரியலை.”

ஆரலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வளையின் வாசலில் கிளி தலையை நீட்டியது.

“ஒரு விஷயம்! எ பாயிண்ட்! ‘கா’ என்றால் ‘காப்பாற்று’ என்றும் ஒரு பொருள் உண்டு. நான் அப்பவே சொல்ல வந்தேன், அதுக்குள்ள முதலை...”

குட்டி தூக்கத்தில் நெளிந்தது. செம்பான் கிளியை ஒரு பார்வை பார்த்தது. கிளிக்கு உடனே புரிந்துவிட்டது. பறந்துபோனது.

மறுநாள் ஆமை கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. செம்பான் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் கேட்டது.

“தாத்தா, அன்னிக்கு விருந்துல ஒண்ணு சொன்னீங்களே. ‘பிள்ளை பேசறது புரியணும்னா, முதல...’ன்னு. மிச்சம் என்ன?”

ஆமை கண்ணைச் சுருக்கி யோசித்தது. கழுத்தை உள்ளே இழுத்து யோசித்தது. வெளியே நீட்டியும் யோசித்தது.

“நானா சொன்னேன்?”

“நீங்கதான் தாத்தா.”

“நல்லா இருக்கேப்பா!” என்றது ஆமை. “மிச்சம் என்ன?”

செம்பான் பதில் சொல்ல வாயெடுத்தது. குட்டி ஆமையின் ஓட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியது. செம்பான் பேச்சை விட்டுவிட்டு, அந்தக் கை எட்டும் அளவுக்குக் குனிந்தது.

பையனுக்குப் பேச்சு வரும்வரை, முதலில் அவனுடைய கையையும் காலையும் முகத்தையும் கேட்டுவிட்டுத்தான் ஊரார் வாயைக் கேட்பது என்று செம்பான் அன்றைக்கு முடிவு செய்தது.