சாக்கு மூடிய பெட்டி

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒருவர் பெட்டியில் ஈ குறைந்துபோனால், பக்கத்து வீட்டுக்காரர் தன் பெட்டியிலிருந்து புழு உள்ள தேனடை ஒன்றை எடுத்துக் கொடுப்பார்; புழு வளர்ந்து ஈயாகிவிடும். கேட்டு இல்லையென்றவர் கிடையாது. அந்த வருடம் அந்த நல்ல பழக்கமே வினையாகிப்போனது. புழுவைக் கொல்லும் நோய் ஒன்று அடையோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தின் தேனீப் பயிற்சி மையத்தில் சுயம்புலிங்கம் களப்பணியாளர். ஊர் ஊராக அலைந்து, தொண்டை கட்டிப்போய் வந்து பேராசிரியை புஷ்பலீலாவின் முன்னால் நின்றார்.

"மேடம், ரப்பர் மரம் துளிர்த்துத் தேன் வடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுக்குள்ள நோய்பிடிச்ச அடையை எரிக்கலைன்னா இந்த வருஷம் தேன் கிடையாது, அடுத்த வருஷம் ஈயே கிடையாது. யாரைக் கேட்டாலும் 'எனக்க பெட்டிக்கு ஒரு கேடும் இல்ல சார்'ங்கான். பச்சைப் பொய்! இவங்க வாயிலேருந்து உண்மையை எப்படித்தான் வரவழைக்கிறது?"

பலாமரத்தடியில் மையத்தின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கோடியில் ஒரு தாங்கி மட்டும் பெட்டி இல்லாமல் காலி. அதற்கு மேலே ஒரு கைப்பிடி ஈக்கள் போக்கிடம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. புஷ்பலீலா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுயம்புலிங்கமும் பார்த்தார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்குப் பயிற்சி வைப்போம். எல்லாரையும் வரச் சொல்லுங்க."

"எந்தப் பெட்டியைத் திறந்து காட்டணும், மேடம்?"

"நான் கொண்டுவரேன்."

மறுநாள் மையத்து முற்றம் நிறைந்துவிட்டது. புஷ்பலீலா கிடங்கின் பின்பக்கம் போனார். சாக்கு போட்டு மூடிய ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டால் மானம் போகுமென்று சுயம்புலிங்கம் தன் கையாலேயே அங்கே ஒளித்துவைத்த பெட்டி அது.

புஷ்பலீலா சாக்கை எடுத்தார். ஈக்களைத் தட்டிவிட்டு ஓர் அடையை உயர்த்தினார். குச்சியால் ஒரு புழுவை வெளியே இழுத்தார். தண்ணீர் நிறைந்த பைபோல அது தொங்கியது.

"இது எங்க பெட்டி. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அடையை எரிக்கப்போறோம்."

பின்னாலிருந்து தங்கையன் என்பவர் சிரித்தார். "யூனிவர்சிட்டி பெட்டிக்கே நோயா? பின்ன எங்களுக்கு எதுக்கு வகுப்பு?"

கூட்டமே சிரித்தது. சுயம்புலிங்கத்துக்குக் காது சுட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

"ஆமா, நோய்தான்," என்றார் புஷ்பலீலா. அடைகளைக் குழியில் போட்டுத் தீ வைத்தார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். மெழுகு வாடை முற்றமெங்கும் பரவியது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

தங்கையன் தொண்டையைச் செருமினார். "மேடம்... எனக்க வீட்டுலயும் ரெண்டு பெட்டி இப்படித்தான் கெடக்கு. போன வாரம்கூட நேசமணிக்கு ஒரு அடை கொடுத்தேன்."

"அடப்பாவி!" என்று துள்ளி எழுந்தார் பக்கத்தில் இருந்த நேசமணி. எழுந்தவர் அப்படியே தலையைச் சொறிந்தார். "அதை நான் எனக்க மச்சானுக்குல்லா கொடுத்துட்டேன்!"

பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். யாரும் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. சோப்பும் தீப்பெட்டியுமாகக் கிளம்பிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் தெரு புகை எழுந்தது. சுயம்புலிங்கம் வீடு வீடாக ஓடி, நின்று எரிக்கவைத்தார். ஒருவரும் கதவைச் சாத்தவில்லை.

திரும்பி வந்து கை கழுவும்போதும் அவருக்கு ஆறவில்லை.

"தொண்டை கிழியக் கேட்டேனே, மேடம். என்கிட்ட மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

புஷ்பலீலா அந்தச் சாக்கை உதறி, மடித்து, அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா, சுயம்புலிங்கம்?"