சடகோபனின் முப்பத்தேழு அறைகள்

தலைமைப் பொறியாளர் சடகோபன் வாயைத் திறந்தாலே இருபது வருட அனுபவம்தான் கொட்டும். அன்று காலை அது, பயிற்சிக்கு வந்திருந்த இசக்கியம்மாள் தலையில் கொட்டியது.

"கண்டெய்னருக்குள்ள நேத்து நான் செஞ்ச வேலையைக் காணோம். நீதான் அழிச்சிருக்கே! மத்தியானத்துக்குள்ள அது வரலேன்னா நீ வீட்டுக்குப் போகலாம்."

கண்டெய்னர் என்பது கணினிக்குள் ஒரு தனி அறை மாதிரி. இசக்கி அந்தப் பக்கமே போகவில்லையே! பிறகு வேலை எங்கே போகும்?

"சார், நேத்து எப்படி உள்ள போனீங்கன்னு ஒருதடவை காட்டுங்களேன்."

எல்லோரும் பார்க்க, அவர் கறுப்புத் திரையில் 'ரன்' என்று கட்டளை அடித்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"பாத்தியா?"

இசக்கி கணினியிடம், மூடிக்கிடக்கும் அறைகளையும் சேர்த்துப் பட்டியல் கேட்டாள். முப்பத்தேழு கண்டெய்னர்கள் வரிசையாக வந்து நின்றன.

"சார், 'ரன்' அடிச்சா ஒவ்வொரு தடவையும் புது அறைதான் கட்டும். பழைய அறைக்குத் திரும்ப 'ஸ்டார்ட்' அடிக்கணும். இதுல நான் அழிச்சது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நேற்றைய அறையைத் திறந்தாள். வேலை அப்படியே இருந்தது.

சடகோபன் திருதிருவென்று விழித்தார். "அப்ப... யாருமே அழிக்கலையா?"

"இல்லை சார். போன மாசம் இதே பழியைப் போட்டு ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினீங்களே, அவங்களுக்கு போன் நீங்க பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"