தணிகாசலத்தின் முகம் தெரிய வேண்டிய சைலன்சர்

முட்டாள் கதை என்று யார் சொல்ல ஆரம்பித்தாலும் அதில் நாலு ஆம்பிளைகள்தான் வருகிறார்கள். பெண்களுக்குக் கிடைப்பதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று சிரிக்கிற வேலை, மிஞ்சிப்போனால் தலையில் அடித்துக்கொள்கிற வேலை. இது என்ன நியாயம்? அறிவில் சமம் கிடையாது என்று இத்தனை காலம் சொன்னீர்கள், சரி. அறிவில்லாமல் இருப்பதில் கூடவா? தெளிவுமங்கலத்தில் அந்த அநியாயம் இல்லை. அந்த ஊர் வாட்டர் சர்வீஸில் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் சளைத்தவர்கள் இல்லை. நாலு பேருக்கும் தலைமை செங்கமலம்.

அவளைத் தலைவி ஆக்கியதற்குக் காரணம் அவள் வாதம். செங்கமலம் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எதிராளி ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டாள். ஒத்துக்கொண்ட பிறகும் சில சமயம் விடமாட்டாள். கூட இருந்தவர்கள் அவளுடைய அண்ணன் கோதண்டம், அண்ணி அஞ்சலாட்சி, பக்கத்துத் தெரு இருசப்பன். வண்டி கழுவுகிற அந்த ஷெட்டுக்கு மூன்று சுவர்தான். கூரைத் தகரத்தைச் செங்கமலமே ஏறி நின்று போட்டாள். புகுந்த வீட்டில் அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று வந்துவிட்டவள். உலகத்தில் அவள் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் அந்த மூன்று சுவருக்கு நடுவில்தான். ஆனால் நிலம் லாரி ஆபீஸ் தணிகாசலத்துடையது.

அந்தத் தணிகாசலம் ஒருநாள் காலையில் தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளை உருட்டாமல் ஓட்டிக்கொண்டே வந்து ஷெட்டு வாசலில் நிறுத்தினார். மறுநாள் அவருக்கு அறுபதாம் கல்யாணம். முதல் கல்யாணத்தன்று மனைவியைப் பின்னால் உட்காரவைத்து எந்த வண்டியில் வந்தாரோ, அதே வண்டியில் மறுபடி ஊர்வலம் போக வேண்டும் என்று ஆசை. வண்டி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. சைலன்சர் குழாய்தான் கெட்டுக் கிடந்தது. எஞ்சினை ஒட்டி மஞ்சள் பூசிய மாதிரி ஒரு நிறம், கொஞ்சம் தள்ளி கத்தரிப்பூ நிறம், அதற்கப்புறம் நல்ல நீலம். சூட்டில் வருஷக்கணக்காக வெந்த குழாய்.

“செங்கமலம், காதக் குடுத்துக் கேளு. போன தடவ லாரியக் கழுவச் சொன்னேன். உள்ள இருந்த சிமெண்டு மூட்டையையும் சேத்துக் கழுவி வெச்சீங்க.”

“லாரி பூரா கழுவுன்னீங்களே முதலாளி. மூட்டை லாரிக்கு வெளியிலயா இருந்துச்சு?”

“வாதாடாத. முதல்ல குழாய் சூடு ஆறட்டும். ஆறினதுக்கு அப்புறம் இந்தப் பேஸ்ட்டப் போட்டுத் துணியால தேய்க்கணும். மஞ்சளும் நீலமும் போகணும். சாயங்காலம் நான் வந்து பாக்கறப்போ என் மூஞ்சி அதுல பளிச்சுன்னு தெரியணும். தெரிஞ்சா ஆயுசுக்கும் இந்த ஷெட்டுல இருந்துக்குங்க. தெரியலன்னா இன்னைக்கே காலி பண்ணிடணும். கல்யாணத்தன்னைக்கு நான் உங்க மூஞ்சில முழிக்கக் கூடாது!”

அவர் போனதும் நாலு பேரும் குழாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோதண்டம் ஒரு விரலை வைத்துப் பார்த்து, “அம்மாடியோவ்!” என்று கத்தினான். ஆகவே சூடு ஆறவில்லை என்று முடிவாயிற்று. அஞ்சலாட்சி முந்தானையால் விசிறப் போனாள். செங்கமலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, ‘ஆறட்டும்’னுதான் சொன்னாரு. ‘ஆத்துங்க’ன்னு சொல்லல. அது பாட்டுக்கு ஆறும். நாம தலையிடக் கூடாது.”

தலையிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கோதண்டம் மறுபடி விரல் வைத்தான். இந்தத் தடவை கத்தவில்லை.

“ஆறிடுச்சு,” என்றான்.

“அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றே?” என்றான் இருசப்பன். “குழாய் ஆறிடுச்சா, இல்ல உன் விரல் மரத்துப்போச்சா?”

நியாயமான கேள்வி. எல்லோரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள். அவள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: “சூடா இருந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே இது சூடு இல்லன்னு சொல்ல முடியும்? வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒருவாட்டி பாத்துக்குவோம்.”

ஸ்டார்ட் பண்ணினார்கள். கோதண்டம் விரல் வைத்தான். “அம்மாடியோவ்!” விரல் மரக்கவில்லை என்பது தெரிந்து எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் குழாய் மறுபடி சூடாகியிருந்தது. காத்திருந்தார்கள். ஆறியது போலிருந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி ஸ்டார்ட் பண்ணினார்கள். இப்படியே கோதண்டத்தின் ஒவ்வொரு விரலுக்கும் முறை வந்தது. மத்தியானச் சோறு ஆறிப்போனது, குழாய் மட்டும் ஆறவில்லை. கடைசியில் பெட்ரோல் தீர்ந்துபோய் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றது.

“பாத்தியா, தானா ஆறுச்சு,” என்றாள் செங்கமலம். “அவசரப்பட்டிருந்தா கெடுத்திருப்போம்.”

அப்புறம் பேஸ்ட்டைப் பூசி, பனியன் வேஸ்ட் துணியால் தேய்க்க ஆரம்பித்தார்கள். முட்டாள்கள்தான், ஆனால் சோம்பேறிகள் இல்லை. கை கடுக்கக் கடுக்கத் தேய்த்தார்கள். மஞ்சள் மங்கியது, கத்தரிப்பூ நிறம் கரைந்தது, நீலம் போயே போயிற்று. துணி மட்டும் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. கோலத்துக்குக் கலர்ப்பொடி கலந்து பழக்கப்பட்ட அஞ்சலாட்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“மஞ்சளும் நீலமும் சேந்தா பச்சைதானே வரணும்? இந்தக் கறுப்பு யாரோடது?”

“நம்மளோடது இல்ல,” என்றாள் செங்கமலம். “முதலாளி வந்ததும் குடுத்துடுவோம். நாளைக்கு நம்மமேல ஒரு பேச்சு வரக் கூடாது.” துணியை மடித்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்தார்கள்.

குழாய் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. செங்கமலம் மனசு குளிரக் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் பகீரென்று பின்வாங்கினாள்.

“போச்சு! மோசம் போனோம்!”

“என்ன ஆச்சு?”

“என் மூஞ்சி தெரியுது! மூக்குத்தியோட தெரியுது!”

கோதண்டம் குனிந்தான். அவனுக்குக் கோதண்டம் தெரிந்தான். அஞ்சலாட்சிக்கு அஞ்சலாட்சி தெரிந்தாள். இருசப்பன் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்து, தன் மீசையைத் தொட்டுப் பார்த்து, வருத்தத்தோடு நிமிர்ந்தான். நாலு மூஞ்சியும் வந்துவிட்டது. தணிகாசலத்தின் மூஞ்சி மட்டும் மருந்துக்கும் இல்லை.

செங்கமலத்துக்குக் கூரைத் தகரம் தலைமேல் கழன்று விழுவது போலிருந்தது. தானே ஆணி அடித்த தகரம். இதைக் காலி பண்ணிவிட்டு எங்கே போவது? போகிற இடத்தில் யாரோடு வாதாடுவது?

“எப்படி நம்ம மூஞ்சி உள்ள போச்சு?” என்றாள்.

“தேய்க்கறப்போ குனிஞ்சு குனிஞ்சு பாத்தோமில்ல?” என்றான் கோதண்டம். “பேஸ்ட்டோட சேந்து ஒட்டிக்கிச்சு.”

அது சரியாகப்பட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி தேய்த்தார்கள். குழாயைப் பார்க்கக் கூடாது என்பதால் பாதி நேரம் ஒருவர் முழங்காலை ஒருவர் தேய்த்தார்கள். இருசப்பனின் முழங்கால் பளபளத்தது. திரும்பிப் பார்த்தால் குழாயில் அதே நாலு மூஞ்சி.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு உள்ளே வந்து குழாயை முகர்ந்தது. குழாயில் ஆடு தெரிந்தது.

நாலு பேரும் ஆட்டின் காலில் பேஸ்ட் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள்.

“ஆடு தேய்க்கவே இல்லையே,” என்றாள் அஞ்சலாட்சி மெதுவாக.

தேய்த்தவர் முகம்தான் ஒட்டும் என்ற கொள்கை அத்தோடு விழுந்தது. செங்கமலம் நேர்மையானவள், உடனே ஒத்துக்கொண்டாள். இருசப்பன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்:

“யக்கா, எனக்கு ஒண்ணு தோணுது. குழாய்க்கு எதிர்ல யார் நிக்கறாங்களோ, அவங்க மூஞ்சிதான் தெரியுதோ என்னவோ?”

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“ஏன்டா இருசப்பா, அப்படிப் பாத்தா இதுக்கும் கண்ணாடிக்கும் என்னடா வித்தியாசம்?” என்றாள் செங்கமலம். “கண்ணாடில கிக்கர் இருக்கா? சீட்டு இருக்கா?”

இருசப்பன் வெட்கப்பட்டுக்கொண்டு முழங்காலைப் பார்த்தான்.

சிரித்து முடித்ததும் செங்கமலத்துக்கு ஒரு யோசனை வந்தது. முதலாளி மூஞ்சி தெரிய வேண்டும் என்றால் முதலாளி மூஞ்சியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவ்வளவுதானே? ரோட்டு முனையில் அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் இருக்கிறது. கோதண்டமும் இருசப்பனும் ஓடிப்போய் அவிழ்த்துத் தூக்கி வந்தார்கள். அதில் தணிகாசலம் இளவட்டமாக, ரோஸ் கன்னத்தோடு, எள்ளுப்பூ மாதிரிச் சின்ன மூக்கோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். குழாய்க்கு முன்னால் பிடித்தார்கள். கடுகு அளவுக்கு ஒரு தணிகாசலம் உள்ளே தெரிந்தார்.

“வணக்கம் வேற சொல்றாருடி!” என்றாள் அஞ்சலாட்சி. நாலு பேரும் பதில் வணக்கம் சொல்லப் போய், பிடித்திருந்த கையெல்லாம் கும்பிட்டதில் ஃபிளெக்ஸ் கீழே விழுந்தது. மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். செங்கமலம் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

சாயங்காலம் தணிகாசலம் வந்தார். வண்டியைக் காணோம். தன்னுடைய ஃபிளெக்ஸ் நின்றுகொண்டிருந்தது.

“என்ன இது? தள்ளுங்க!”

“தள்ளினா நீங்க போயிடுவீங்க முதலாளி!” என்று கெஞ்சினாள் செங்கமலம்.

அவர் ஒரே இழுப்பில் ஃபிளெக்ஸை இழுத்து ஓரம் போட்டுவிட்டுக் குனிந்தார். குழாயில் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு வாயெல்லாம் பல்.

“அடடா! பரவால்லையே! தெரியுது, தெரியுது! செங்கமலம், ஷெட்டு உங்களுதுதான் போ!”

அத்தோடு கும்பிட்டுவிட்டு வாயை மூடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் செங்கமலம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். குழாயில் தெரிந்த ஆளுக்கு முகம் ஊத்தப்பம் மாதிரி நசுங்கி, மூக்கு இரண்டு கன்னத்துக்கும் பரவிக் கிடந்தது.

“முதலாளி, ஏமாந்துடாதீங்க. இது நீங்க இல்ல.”

“என்னது?”

“இது உங்க மூக்கா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. உங்க மூக்கு எள்ளுப்பூ மாதிரி இல்ல இருக்கும்? அதோ பாருங்க,” என்று கீழே கிடந்த ஃபிளெக்ஸைக் காட்டினாள்.

“குழாய் உருண்டையா இருக்குல்ல, அதனால அப்படித் தெரியுது.”

“குழாய் உருண்டையா இருந்தா குழாய்தான் உருண்டை. அதுக்கு உங்க மூக்கு என்ன பண்ணும்? ஊர்ல இருக்கற குடம்கூடத்தான் உருண்டையா இருக்கு, அதுக்காக உங்க மூக்கு தினமும் மாறுதா?”

தணிகாசலம் மறுபடி குழாயைக் குனிந்து பார்த்தார்.

“வேணாம் செங்கமலம்,” என்று கோதண்டம் அவள் முழங்கையை இடித்தான். “அவரே ஒத்துக்கிட்டாரு.”

“அவர் ஒத்துக்கிட்டா ஆச்சா? தப்பான மூஞ்சியக் குடுத்துட்டு ஷெட்ட வாங்கிக்கறதா?” அவள் தணிகாசலத்திடம் திரும்பினாள். “நாளைக்கு அம்மா உங்க பின்னால ஏறறப்போ குனிஞ்சு பாத்து, ‘யாருங்க இந்த ஆளு’ன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க?”

தணிகாசலம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். குழாயைப் பார்த்தார், ஃபிளெக்ஸைப் பார்த்தார், மறுபடி மூக்கைத் தொட்டார். மெல்ல முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆமா,” என்றார். “இவன் நான் இல்ல.”

செங்கமலத்துக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அவ்வளவு பெரிய மனுஷனை வாதத்தில் ஜெயித்துவிட்டாள். ஷெட்டு போய்விட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

“பேச்சுன்னா பேச்சு,” என்றாள். “அண்ணே, சாமான எடு.”

பக்கெட், ஹோஸ், ஸ்டவ், பாய் எல்லாவற்றையும் தலைமேல் ஏற்றிக்கொண்டார்கள். கறுப்புத் துணியைத் தணிகாசலம் மடியில் வைத்து, “உங்களோடது, சரியா இருக்கான்னு பாத்துக்குங்க,” என்று ஒப்படைத்தார்கள். அவர் கவனிக்கவில்லை. அந்தத் துணியாலேயே குழாயில் இருந்தவனுடைய மூக்கைக் குறைக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பேரும் ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்கள். செங்கமலம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். கரை வளைந்தது, பாதையும் வளைந்தது. நடந்து நடந்து மறுபக்கமாக ரோட்டுக்கு வந்து ஏறினார்கள். அங்கே கோதண்டம் நின்றுவிட்டான்.

“ஏ செங்கமலம்! அங்க பாரு, ஒரு ஷெட்டு காலியா கிடக்கு!”

மூன்று சுவர். நல்ல தகரக் கூரை. தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரு பக்கெட்டுகூட இல்லை.

“யார் போட்ட தகரமோ,” என்றாள் செங்கமலம் அண்ணாந்து பார்த்து. “அடிச்சா இப்படி ஆணி அடிக்கணும். நம்ம ஷெட்டு இதுக்குக் கால்தூசி பெறாது.”

முக்காலியில் ஒருவர் குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். செங்கமலம் மரியாதையாகக் கேட்டாள்:

“ஐயா, இந்த ஷெட்டு எங்களுக்குக் கிடைக்குமா? முன்னாடி யார் இருந்தாங்க?”

“இருந்தாங்க யாரோ,” என்றார் தணிகாசலம், தலை நிமிராமல். “மூக்கக் கெடுத்து வெச்சுட்டுக் காலி பண்ணிட்டாங்க. இத மட்டும் யாராவது சரிபண்ணிக் குடுங்கம்மா, ஷெட்ட எடுத்துக்குங்க.”

“தேய்க்கத் தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்,” என்று செங்கமலம் கோபத்தோடு சேலையை இழுத்துச் செருகினாள். “நகருங்க ஐயா, பாக்கறேன்.”

குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

“ஐயா, முன்னாடி இருந்தவங்கள்ல மூக்குத்தி போட்ட ஒருத்தி இன்னும் உள்ளயே இருக்கா. முறைக்க வேற முறைக்கறா. முதல்ல அவள மரியாதையா வெளிய வரச் சொல்லுங்க. அப்புறம்தான் நாங்க குடிவருவோம்.”